விலை உயர்ந்த ஒலிக்கருவியும் விட்டுப்போன எர்த்தும்

வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய எங்கள் காக்கா, வாப்பாவுக்கென்று ஓர் ஒலிக்கருவித் தொகுதியைக் கொண்டுவந்தார். உயர்தரமான ஆம்ப்ளிஃபையர், மரப்பெட்டியில் அமைந்த இரண்டு ஸ்பீக்கர்கள், குறுந்தகடு இயக்கும் கருவி ஆகியவை அதில் அடக்கம். வாப்பாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் மிஸ்ரு நாட்டுக் காரிகளின் கிராஅத்தைக் கேட்டபடி சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பது அவர்களின் நீண்டநாள் வழக்கம். பழைய டேப் ரெக்கார்டர் பழுதான பின் அந்த வழக்கம் நின்றுபோயிருந்தது. அதை மீட்டுத் தரவேண்டும் என்பதே மகனின் ஆசை. அந்த நிய்யத்தில் எவருக்கும் குறை காண இயலாது.

கருவியை இயக்கிய முதல் நாளே ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய ‘ம்ம்’ என்னும் இரைச்சல் எழுந்தது. ஓதுபவர் மூச்செடுக்கும் இடைவெளியில் அது தெளிவாகக் கேட்டது. இரண்டாம் நாள் பேரப்பிள்ளை ஆம்ப்ளிஃபையரின் உலோக உறையைத் தொட்டுவிட்டுச் சுள்ளென்றது என்று கையை உதறினான். நகரத்துக் கடை ஒன்றில் விசாரித்தோம். “உங்கள் ஊர் மின்சாரம் அசுத்தமானது; பவர் கண்டிஷனர் இல்லாமல் இத்தகைய கருவியை ஓட்டவே கூடாது” என்றார்கள். கண்டிஷனருக்கு 85,000 ரூபாய்; அதற்கேற்ற மின்கம்பி என்று மேலும் 22,000 ரூபாய். வாங்கினோம். இரைச்சல் சற்றே மட்டுப்பட்டது. சுள்ளென்ற உணர்வோ முன்னிலும் கூடியது.

இறுதியில் எங்கள் தெருவில் வயரிங் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். சுவிட்ச் போர்டைத் திருகி எடுத்தார். மூன்று துளை கொண்ட சாக்கெட்டின் பின்னே இரண்டு வயர்களே இருந்தன. எர்த் முனை வெறுமையாய் இருந்தது. வீடு கட்டிய காலந்தொட்டே அது அப்படித்தான் இருந்திருக்கிறது. வளைகுடாவின் பட்டைக்கால் பிளக்கை நம் ஊர்ச் சாக்கெட்டில் செருகுவதற்காக நாங்கள் பயன்படுத்திய அடாப்டரிலும் எர்த் தொடர்பு இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேல் செலவழித்துவிட்டோம்; ஆனால் சில நூறு ரூபாய் பெறுமான ஒரு பச்சை வயர் எங்கள் சுவருக்குள் இல்லை.

இந்த அனுபவத்தை எழுதுவது எவரையும் பழிப்பதற்காக அன்று. வெளிநாட்டு உழைப்பில் வாங்கப்பட்ட இத்தகைய கருவிகள் இன்று நம் வீடுகள் பலவற்றில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஒரு வணிகமும் வளர்ந்திருக்கிறது. எதற்கு முதலில் செலவிடுவது, எதற்குச் செலவிடாமல் இருப்பது என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. என்ன கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்னும் மார்க்கச் சட்டம் ஆலிம்களின் துறை. அதனுள் நாம் நுழையவில்லை. கிராஅத் ஆகட்டும், பயான் ஆகட்டும், நாகூர் ஹனிபா அவர்களின் பாடல் ஆகட்டும், கேட்கும் கருவிக்கு மின்சாரமும் பொருத்தமும் ஒன்றே.

கண்டிஷனர் செய்வது என்ன?

நம் நாட்டில் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். ஆம்ப்ளிஃபையர் அதை அப்படியே பயன்படுத்துவதில்லை. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. டையோடுகள் அதை ஒரே திசை மின்சாரமாக மாற்றுகின்றன. பெரிய கெபாசிட்டர்கள் அதன் ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்கின்றன. அதன் பிறகே ஒலியைப் பெருக்கும் பகுதிக்கு மின்சாரம் செல்கிறது. எனவே நன்கு வடிவமைக்கப்பட்ட ஆம்ப்ளிஃபையர் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சுத்திகரிப்பு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. “மின்சாரம் அசுத்தம்” என்னும் பேச்சைக் கேட்கும்போது இதை நாம் மறந்துவிடக் கூடாது.

பவர் கண்டிஷனர் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவையும் ஒரே பொருள் அல்ல. சிலவற்றில் திடீர் மின்பாய்ச்சலைத் தாங்கும் சிறு பாகங்கள் மட்டுமே இருக்கும். அவை ஒவ்வொரு தாக்குதலிலும் சிறிது சிறிதாகத் தேய்ந்து ஒருநாள் செயலிழப்பவை. சிலவற்றில் சுருள்களும் கெபாசிட்டர்களும் கொண்ட வடிகட்டி இருக்கும். சிலவற்றில் தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இன்னும் சில, வரும் மின்சாரத்தை முழுவதும் நேர்மின்சாரமாக்கிப் பின் புதிதாக 230 வோல்ட் மாறுமின்சாரத்தை உருவாக்கித் தருபவை. நாம் நன்கறிந்த ஸ்டெபிலைசர் இவற்றிலிருந்து வேறானது. அது மின்னழுத்தத்தை மட்டுமே ஏற்றி இறக்கும். ரிலே வகை, படிப்படியாக ‘டக்’ என்ற ஓசையுடன் மாற்றும். சர்வோ வகை சீராக மாற்றும். வடிகட்டும் வேலையை ஸ்டெபிலைசரிடமோ, மின்னழுத்தத்தைச் சீராக்கும் வேலையை வடிகட்டியிடமோ எதிர்பார்ப்பது வீண்.

ஆகவே நோய் எது என்று அறியாமல் மருந்து வாங்கக் கூடாது. மாலை நேரத்தில் விளக்குகள் மங்கும் ஊரில் சர்வோ ஸ்டெபிலைசர் பயன் தரும். இடி மின்னல் மிகுந்த பகுதியில் மின்பாய்ச்சல் தடுப்பான் பயன் தரும். குளிர்சாதனப் பெட்டி இயங்கத் தொடங்கும்போது ஸ்பீக்கரில் ‘டிக்’ என்று கேட்டால் வடிகட்டி உதவக்கூடும். மின்தடையின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும் கருவியின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமினால், குற்றம் இன்வெர்ட்டரின் மேல். சைன் அலை இன்வெர்ட்டரே அதற்குத் தீர்வு. மொட்டை மாடியிலிருந்து வரும் டிஷ் கம்பியைச் செருகியதும் உறுமல் தோன்றி, பிடுங்கியதும் மறைந்தால், இரு வேறு பாதைகளில் எர்த் இணைந்து வளையமாகியிருக்கிறது என்று பொருள். எல்லாக் கருவிகளையும் ஒரே போர்டிலிருந்து இயக்குவதும், அந்த டிஷ் கம்பியில் சிறு தனிப்படுத்தி ஒன்றைப் பொருத்துவதும் பெரும்பாலும் போதும். இவற்றுள் எதற்கும் 85,000 ரூபாய் ஆகாது.

எங்கள் வீட்டில் கண்டிஷனர் வந்த பின் அதிர்ச்சி கூடியதற்கும் காரணம் உண்டு. வடிகட்டிகளில் உள்ள கெபாசிட்டர்களில் சில, மின்கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே அமைந்தவை. வேண்டாத இரைச்சலை எர்த் வழியே வெளியேற்றுவது அவற்றின் வேலை. எர்த்தே இல்லாத வீட்டில் அந்தச் சிறு மின்சாரம் செல்ல இடமின்றிக் கருவியின் உலோக உறையில் தங்குகிறது. அது சிக்னல் கம்பிகளின் வெளியுறை வழியே வேறு கருவிகளுக்குப் பாயும்போது உறுமலாகக் கேட்கிறது. தொடும் பிள்ளையின் கை வழியே பாயும்போது சுள்ளென்கிறது. எர்த் இல்லாத இடத்தில் மற்றொரு வடிகட்டியைச் சேர்த்தது, வடிகால் இல்லாத முற்றத்தில் மேலும் ஒரு குழாயைத் திறந்துவிட்டது போலாயிற்று.

முதற் கடமை எர்த்

சுள்ளென்ற அந்தச் சிறு அதிர்ச்சியால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அது ஓர் எச்சரிக்கை. கருவியின் உள்ளே ஒரு வயர் தளர்ந்து உறையைத் தொட்டுவிட்டால், எர்த் இல்லாத நிலையில் முழு 230 வோல்ட்டும் அந்த உறையில் நிற்கும். அப்போது தொடும் கை யாருடையதாகவும் இருக்கலாம். ஒளுச் செய்த ஈரக்கையுடன் வந்து பொத்தானை அழுத்தும் முதியவருடையதாகவும் இருக்கலாம்.

எனவே ஒலிக்கருவி வாங்க எண்ணும் குடும்பம் முதலில் செய்யவேண்டியது, தகுதியுள்ள மின்பணியாளரை அழைத்து வீட்டின் எர்த்தைச் சோதிப்பது. எர்த் குழி இருக்கிறதா, அதிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் வயர் வந்து சேர்கிறதா, அதன் தடை எத்தனை ஓம் என்று அளவுகருவி கொண்டு பார்க்கச் சொல்லவேண்டும். எர்த் அமைப்பதற்கென்றே ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தரநிலை இருக்கிறது. கடற்கரை ஊர்களின் உலர்ந்த மணலில் எர்த் தடை எளிதில் உயர்ந்துவிடும். ஆகையால் எர்த்தோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மெயின் போர்டில் பொருத்துவது அவசியம். கசியும் மின்சாரம் அந்த அளவை எட்டியதும் அது நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

இன்னொரு தீய பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எர்த் வயர் இல்லாத சாக்கெட்டில் எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்து “சரி செய்து” தருபவர்கள் சிலர் உண்டு. நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் அந்தக் கணமே வீட்டின் உலோக உறைகள் அனைத்திலும் மின்சாரம் ஏறிவிடும். இதைச் செய்ய ஒருபோதும் இடம் தரக்கூடாது. உறுமலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடும் வழக்கமும் அதே வகையைச் சேர்ந்தது. சில கருவிகள் இரண்டு கால் பிளக்குடனேயே வரும். சதுரத்துக்குள் சதுரம் என்னும் குறி அவற்றின் பின்புறத்தில் இருக்கும். அவை இரட்டைக் காப்பு உடையவை. அவற்றுக்கு எர்த் தேவையில்லை. மூன்று காலுடன் வந்த கருவியை இரண்டு காலாக்குவதே குற்றம்.

வெளிநாட்டிலிருந்து கருவி கொண்டுவருவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்குள்ள பழைய வீடுகளில் 127 வோல்ட்டும் உண்டு. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அந்நாடுகளுக்கென்றே செய்யப்பட்ட கருவியின் பின்புறத்தில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்று படிக்காமல் நம் வீட்டில் செருகினால், வாங்கிய அன்றே அது கருகிப்போகலாம். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வடிவமைத்த டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். பட்டைக்கால் பிளக்கின் உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கும். அதை வெட்டிவிட்டு நம் ஊர்ப் பிளக்கைப் பொருத்தும்போது அந்தக் காப்பும் போய்விடுகிறது என்பதை மின்பணியாளரிடம் நினைவூட்டுதல் நலம்.

பொருத்தம் என்பது கணக்கு

மின்சாரத்துக்கு அடுத்தது பொருத்தம். இன்ன ஆம்ப்ளிஃபையருக்கு இன்ன ஸ்பீக்கர்தான் சேரும் என்பதைச் சிலர் இரகசிய ஞானம்போல் பேசுவார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி பெட்டியின் பின்னே அச்சிட்டிருக்கும் மூன்று நான்கு எண்களில் அடங்கிவிடும்.

முதல் எண், ஸ்பீக்கரின் உணர்திறன். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 வாட், அதாவது 2.83 வோல்ட் தரும்போது 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் ஒலி எழுகிறது என்பதே அது. ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். எனவே 84 டெசிபெல் ஸ்பீக்கர், 90 டெசிபெல் ஸ்பீக்கர் எழுப்பும் அதே ஒலியை எழுப்ப நான்கு மடங்கு ஆற்றலைக் கேட்கும். 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் கிடைக்கும் கூடுதலும் அந்த 3 டெசிபெல்தான். காதுக்கு இரு மடங்கு உரத்ததாகத் தோன்ற வேண்டுமெனில் ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 90 டெசிபெல் ஸ்பீக்கர் ஒன்றை 3 மீட்டர் தொலைவில் அமர்ந்து கேட்கும் ஒருவருக்கு, பேச்சும் ஓதலும் தெளிவாக விழ 1 வாட்டே தாராளம். திடீரென உயரும் குரலுக்கு இடம் விட்டாலும் 20, 30 வாட்டில் அந்த அறை நிறைந்துவிடும்.

இரண்டாவது எண், ஸ்பீக்கரின் மின்மறுப்பு. அதே மின்னழுத்தத்தில் 4 ஓம் ஸ்பீக்கர், 8 ஓம் ஸ்பீக்கரைப்போல் இரு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 8 ஓமுக்குக் குறையாமல் இணைக்கவும் என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபையரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அது சூடேறி நின்றுவிடும், அல்லது பழுதாகும். மூன்றாவது, கருவிகளுக்கிடையிலான இணைப்பு. ஒலியைப் பெறும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு, தரும் கருவியின் வெளியீட்டு மின்மறுப்பைப்போல் பத்து மடங்கேனும் இருந்தால் போதும். இன்றைய கருவிகளில் இது பெரும்பாலும் இயல்பாகவே அமைந்திருக்கிறது.

சிறிய ஆம்ப்ளிஃபையர் பெரிய ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது என்று நினைப்பதும் பிழை. தன் எல்லையைத் தாண்டி முடுக்கப்படும் ஆம்ப்ளிஃபையரின் அலை, மேலும் கீழும் வெட்டுண்டு, உயர் அதிர்வெண்களில் வேண்டாத ஆற்றலைக் கொட்டும். முதலில் கருகுவது மெல்லிய ட்வீட்டர். குரல் கரகரக்கத் தொடங்கியதும் ஒலியைக் குறைத்துவிட வேண்டும்.

அளவில் குறைப்பதும் அளவைப் பெருக்கிச் சொல்வதும்

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. 83ஆம் அத்தியாயமான அல்முதஃப்பிஃபீனை நாம் தானியக் கடையோடும் துணிக்கடையோடும் மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். வாட்டும் ஓர் அளவைதானே? கைக்கு அடங்கும் ஒலிப்பெட்டியின் மேல் ‘பி.எம்.பி.ஓ.’ என்ற எழுத்துகளுடன் ஆயிரக்கணக்கான வாட் அச்சிடப்பட்டிருந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கண நேரத்துக்கு, கற்பனையான நிலையில் கிட்டும் உச்ச எண் அது; தொடர்ந்து கிடைக்கும் ஆற்றல் அதில் மிகச் சிறு பங்கே. இத்தகைய மிகைக்கூற்றைக் கட்டுப்படுத்த அமெரிக்க வணிக ஆணையம் 1974இலேயே ஆம்ப்ளிஃபையர்களுக்கென்று தனி விதி வகுத்தது. நாம் கடையில் கேட்க வேண்டியது, 8 ஓமில் தொடர்ந்து தரக்கூடிய வாட் எவ்வளவு என்பதை மட்டுமே.

கம்பியின் கதையும் இதுவே. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.007 ஓம். 5 மீட்டர் தொலைவிலுள்ள ஸ்பீக்கருக்குப் போகவும் வரவும் 10 மீட்டர். மொத்தத் தடை 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரோடு ஒப்பிட அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வீட்டு வயரிங்குக்கு நாம் வாங்கும் அதே தடிமனுள்ள செம்புக் கம்பி இந்த வேலையைக் குறையின்றிச் செய்யும். மின்கம்பியில் 22,000 ரூபாய் செலவிட்ட எங்களுக்கு ஒரு கேள்வி பின்னர்தான் தோன்றியது. மின்நிலையத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் சாதாரணக் கம்பியில் வந்த மின்சாரம், கடைசி 2 மீட்டரில் எப்படித் தூய்மையடையும்?

“ஆனால் எனக்கு வேறுபாடு கேட்கிறதே” என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நாம் கூறவில்லை. கண் காதை ஏமாற்றும் என்பதே உண்மை. ஒலியியல் ஆய்வாளர்களான ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். அதே ஸ்பீக்கர்களை அதே மனிதர்கள் ஒருமுறை கண்ணால் பார்த்தபடியும், ஒருமுறை திரைக்குப் பின் வைத்தும் கேட்டு மதிப்பெண் இட்டனர். பார்த்துக் கேட்டபோது பெட்டியின் தோற்றமும் பெயரும் மதிப்பெண்ணை மாற்றின. திரை விழுந்ததும் அந்த வேறுபாடுகள் சுருங்கின. ஒலிகள் இரண்டில் சற்றே உரத்ததாக இருப்பது நமக்குச் சிறந்ததாகத் தோன்றும் என்பதும் அனைவரும் அறிந்தது. எனவே வாங்குமுன் வீட்டிலுள்ள ஒருவரை, எது மாட்டியிருக்கிறது என்று சொல்லாமல், ஒலியளவைச் சமமாக வைத்துப் பத்து முறை மாற்றிப் போடச் சொல்லிப் பாருங்கள். பத்தில் ஐந்தாறு முறைதான் சரியாகச் சொல்ல முடிகிறதென்றால், அது நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். வாங்குபவர் அறியாத துறையில் விற்பவரின் வாக்கு ஓர் அமானிதம். “உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா?” என்ற ஒரே கேள்வியை அந்தக் கடைக்காரர் எங்களிடம் கேட்டிருந்தால், அன்று அவருக்கு விற்பனை குறைந்திருக்கும், ஆனால் எங்கள் குடும்பம் தலைமுறைக்கும் அவர் கடையை விட்டு நீங்கியிராது.

அறையும் அண்டை வீடும்

எர்த் போட்ட பின் உறுமல் முற்றிலும் நின்றது. ஆனால் வாப்பா, “சத்தம் கேட்கிறது, வாப்பா; சொல்தான் பிடிபடவில்லை” என்றார்கள் காக்காவிடம். அப்போதுதான் அறையைக் கவனித்தோம். மொசைக் தரை, வெறும் சுவர், உயர்ந்த கூரை. சொல்லுக்குப் பின் சொல் சுவரில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று கலந்தது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழக விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு புரியவில்லை என்று முறையிட்டபோது, வாலஸ் சபின் என்னும் இளம் ஆசிரியர் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அறையின் ஒலியியல் என்னும் துறை அதிலிருந்து வளர்ந்தது. நாங்களும் பரணிலிருந்த பழைய கம்பளத்தை விரித்தோம். சன்னலுக்குத் தடித்த திரையிட்டோம். ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்தி, நாற்காலிக்கு 2 மீட்டர் அருகில் கொண்டுவந்தோம். செலவு ஏதுமில்லை. 85,000 ரூபாய் தராத தெளிவு கிடைத்தது.

அண்டை வீட்டாரின் உரிமையும் இதில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரம்பிடுகின்றன. சுபுஹுக்குப் பின் நாம் கேட்பது எத்தனை புனிதமானதாயினும், அடுத்த வீட்டில் இரவுப் பணி முடித்து உறங்குபவருக்கு அது இடையூறாகக் கூடாது. கேட்பவரின் காதுக்கும் உரிமை உண்டு. பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லிலும், பிள்ளைகளுக்கு 75 டெசிபெல்லிலும் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை.

இறுதிப் பொருத்தம்

அறையைத் திருத்திய பின்னும் வாப்பாவுக்குச் சில எழுத்துகள் தப்பின. ஸீனுக்கும் ஷீனுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றார்கள். ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், கம்பி, அறை என்று எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்த நாங்கள், கடைசிக் கருவியான காதை மட்டும் பார்க்கவில்லை. முதுமையில் முதலில் குறைவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன். மெல்லின இடையினங்களைவிட, காற்றொலியாய்ப் பிறக்கும் மெய்கள் முதலில் மங்கும். ஒலியைக் கூட்டினால் உரக்கக் கேட்குமே தவிர, சொல் தெளியாது. செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் பரிந்துரைத்த கருவியின் விலை, நாங்கள் வாங்கிய கண்டிஷனரின் விலையைவிடக் குறைவு. பல ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது. கிராஅத் மட்டுமன்று, பேரப்பிள்ளைகளின் பேச்சும் இத்தனை காலம் அவர்களுக்கு அரைகுறையாகவே விழுந்திருக்கிறது என்பதை எண்ணும்போது எங்கள் நெஞ்சம் கனக்கிறது.

ஹலாலாகச் சம்பாதித்த பணம், விரும்பியதில் செலவிடுகிறோம், அதில் உங்களுக்கென்ன என்று கேட்போர் உண்டு. நல்ல பொருளை வாங்குவதை மார்க்கம் தடுக்கவில்லை, நாமும் தடுக்கவில்லை. நன்கு செய்யப்பட்ட ஸ்பீக்கருக்குக் கூடுதல் விலை தருவதில் நியாயம் உண்டு. அறைக்கு அடுத்தபடியாக ஒலியின் தன்மையை முடிவு செய்வது அதுவே. பழுதுபார்க்க ஆளும் பாகமும் கிடைக்கும் ஆம்ப்ளிஃபையருக்குச் சற்றுக் கூட்டித் தருவதும் அறிவுடைமை. ஆனால் பயன் இல்லாத இடத்தில் கொட்டுவதற்கு இஸ்ராஃப் என்று பெயர். அந்தப் பணத்துக்காகவே பாலை வெயிலில் ஒரு மனிதன் தன் இளமையைக் கழித்திருக்கிறான் என்றால், அந்த விரயத்தின் சுமை இன்னும் கூடுகிறது.

வேறோர் எல்லையும் உண்டு. காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் முழுக் குர்ஆன் ஒலிப்பதிவு 1961இல் வெளிவந்தது. காரி அப்துல் பாஸித் அவர்களின் புகழ்பெற்ற பதிவுகள் பலவும் அக்காலத்தவையே. அக்காலத்து மைக்கும் நாடாவும் எதைப் பிடித்தனவோ அதுவே நம்மிடம் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை எந்தக் கண்டிஷனரும் சேர்த்துத் தராது. பழைய டேப் ரெக்கார்டரில் அதே பதிவைக் கேட்டு வாப்பா கண் கலங்கியதை நாங்கள் சிறுவயதில் பார்த்திருக்கிறோம்.

ஆகவே இந்த வரிசையில் செலவிடுங்கள் என்று எங்கள் குடும்பத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம். முதலில் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும். அடுத்து, கேட்பவர் முதியவரெனில் செவிப் பரிசோதனை. அதன்பின் அறைக்கு ஒரு கம்பளமும் திரையும். பிறகு எண்களைப் படித்துப் பொருத்தமான ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும். இத்தனைக்குப் பின்னும் குறிப்பிட்ட ஒரு குறை எஞ்சியிருந்தால் மட்டும், அந்தக் குறைக்குரிய கருவி. கண்டிஷனர் என்று பொதுவாக ஒன்றை வாங்க வேண்டிய தேவை பெரும்பாலான வீடுகளில் எழாது.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் ஏதேனும் ஒரு போர்டின் அருகே நின்று, அதன் மூன்றாவது துளையின் பின்னே வயர் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். தெரியவில்லையெனில் திருகை நீங்களே கழற்ற வேண்டாம். நாளையே மின்பணியாளரை அழையுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளையும் பெரியவர்களையும் காத்தருள்வானாக. நம் பொருளில் விரயத்தை நீக்கி பரக்கத்தை அருள்வானாக. ஆமீன்.